உறை வேறு, பூட்டு வேறு: மும்பையின் இணையச் சுரங்கங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

தாராவியின் 90 அடி சாலையில் தேநீர்க் கடைக்காரர் கியூஆர் அட்டையைக் காட்டி யுபிஐ வழியே பணம் பெறுகிறார். செம்பூரின் அடுக்ககம் ஒன்றில் மென்பொருள் ஊழியர் வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினியில் வேலை பார்க்கிறார். மாட்டுங்காவில் பொறியியல் மாணவர் ஒருவர் மேகக் கணினிச் சேவையில் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார். மூன்றுமே இன்றைய மும்பையில் அன்றாடக் காட்சிகள். மூன்றிலும் தரவுப் பொதிகள் தம் சொந்த முகவரியை மட்டும் நம்பிப் பயணிப்பதில்லை. வழியில் வேறொரு பொதிக்குள் வைக்கப்படுகின்றன. அதன்மேல் வேறொரு முகவரி எழுதப்படுகிறது. குறித்த இடம் வந்ததும் வெளிப்பொதி பிரிக்கப்பட்டு உள்ளிருந்தது மீண்டும் புறப்படுகிறது. இந்தச் செயலே உறையிடல். உறையிட்ட பொதிகள் இரு முனைகளுக்கு நடுவே செல்லும் வழியைச் சுரங்கம் என்கிறோம்.

சுரங்கத்திடம் நாம் இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறோம். ஒருவருடைய பொதிகள் இன்னொருவருடையவற்றோடு கலவாமல் பிரிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. நடுவில் இருப்பவர் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி அவை பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறை போதும். இரண்டாவதற்குக் குறியாக்கமும், அனுப்பியவர் யார் என்ற சரிபார்ப்பும் வேண்டும். விளம்பரங்களிலும் ஒப்பந்தங்களிலும், சில வேளைகளில் அரசாணைகளிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன.

சுரங்க நெறிமுறைகளை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வேகம், பைட் செலவு, குறியாக்க வலிமை ஆகியவை வழக்கமான அளவுகோல்கள். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சுரங்கத்தின் இரு முனைகளும் யார் கையில் உள்ளன என்று கேட்க வேண்டும் என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க மும்பை தக்க களம். ரிசர்வ் வங்கியின் தலைமையகம் இங்குள்ளது. மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி என்றால், அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் செபியும் தேசியப் பங்குச் சந்தையும் யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் இருக்கின்றன. அமேசான் தன் மேகக் கணினிச் சேவையின் முதல் இந்திய மண்டலத்தை 2016இல் திறந்ததும் மும்பையில்தான்.

2. இதுவரையிலான புரிதல்

இத்துறையில் மூன்று வகைப் பார்வைகள் நிலவுகின்றன. முதலாவது பொறியாளர்களுடையது. இணையப் பொறியியல் குழு வெளியிடும் ஆர்எஃப்சி ஆவணங்களும், செயல்திறனை அளக்கும் ஆய்வுத்தாள்களும் இதன் ஆதாரங்கள். எத்தனை பைட் கூடுகிறது, எவ்வளவு தாமதம் ஏற்படுகிறது, எத்தனை வாடிக்கையாளர்களைத் தாங்கும் என்பவை இங்கே கேட்கப்படும் கேள்விகள். இரண்டாவது, விபிஎன் என்னும் தனியார் வலைச் சேவையை விற்கும் நிறுவனங்களின் பார்வை. சுரங்கத்துக்குள் வந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்பது அவர்கள் தரும் உறுதி. மூன்றாவது அரசின் பார்வை. சுரங்கத்தைக் குற்றவாளியின் மறைவிடமாக இது காண்கிறது. நாடாளுமன்ற உள்துறை நிலைக்குழு 2021இல் விபிஎன் சேவைகளைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தப் பார்வையின் உச்சம்.

மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பின்னிரண்டும் பூட்டிய சுரங்கத்தை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுகின்றன. மும்பையில் ஓடும் சுரங்கங்களில் பல, பூட்டே இல்லாதவை. அவற்றின் நோக்கம் மறைப்பது அன்று, கொண்டுசேர்ப்பது.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1980களின் பிற்பகுதியில் ஜூஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், எஸ். ரமணியின் தலைமையில், எர்நெட் கல்வி வலையமைப்பின் முக்கிய முனையாக விளங்கியது. அந்த வலையின் குத்தகைத் தடங்களில் டிசிபி/ஐபி, ஓஎஸ்ஐ என இரு நெறிமுறைக் குடும்பங்களும் ஓடின. 1995 ஆகஸ்டு 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மாணவர்களுக்குக் கிடைத்த மலிவான ஷெல் கணக்கில் எழுத்துகள் மட்டுமே தெரியும். படங்களோடு வலையைப் பார்க்கும் டிசிபி/ஐபி கணக்கின் கட்டணம் பல மடங்கு. ஸ்லர்ப் போன்ற நிரல்களை ஷெல் கணக்கில் இயக்கி, எழுத்துத் தடத்துக்குள்ளேயே ஐபி பொதிகளை அனுப்பி, படங்களையும் வரவழைத்தவர்கள் உண்டு. ஒரு தடம் எதற்காக அமைக்கப்பட்டதோ அதற்கு அப்பாலுள்ள ஒன்றை அதன் வழியே கொண்டுசெல்வதே உறையிடலின் பிறவிக் குணம்.

3. பிரிக்கும் உறைகள்

ரயில்வே அஞ்சல் பிரிப்பகத்தில் ஓர் ஊருக்கான கடிதங்களை ஒரே பையில் போட்டுக் கட்டி, பையின்மேல் ஊர்ச்சீட்டை மாட்டுவார்கள். இடைநிலையங்களில் இருப்பவர்கள் சீட்டை மட்டும் பார்த்துப் பையை ஏற்றி இறக்குவார்கள். உள்ளே இருக்கும் முகவரிகளை அவர்கள் படிக்க வேண்டியதில்லை. வேண்டுமென்று நினைத்தால் படித்துவிடலாம். பூட்டில்லாத சுரங்கங்களின் இயல்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மிக எளியது, ஓர் ஐபி பொதியை இன்னொரு ஐபி பொதிக்குள் வைப்பது. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 2003 இதை வரையறுத்தது. கூடுதல் செலவு 20 பைட் மட்டுமே. இடம்விட்டு இடம் நகரும் கணினிக்கு அதன் பழைய முகவரியிலேயே பொதிகள் சென்றுசேர வேண்டும் என்பது அதன் முதன்மை நோக்கம். அதற்கு முன்பே, 1994இல், ஜிஆர்இ நெறிமுறை ஆர்எஃப்சி 1701 ஆக வந்தது. 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2784 அதைச் சுருக்கிச் செம்மைப்படுத்தியது. வெளி ஐபி தலைப்பு 20 பைட், ஜிஆர்இ தலைப்பு 4 பைட், ஆக 24 பைட் செலவில் ஐபி அல்லாத நெறிமுறைகளையும் ஜிஆர்இ சுமக்கும். அதில் சாவி எனப்படும் 32 பிட் எண் ஒன்றும் விருப்பமாக இடம்பெறலாம். அது சுரங்கங்களை அடையாளம் பிரிக்கும் எண்; எவரும் படிக்கக்கூடிய நிலையில் பொதியோடு வெளிப்படையாகச் செல்வது. பூட்டைத் திறக்கும் சாவிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வங்கிக் கிளைகளையும் நிறுவன அலுவலகங்களையும் இணைக்கும் குத்தகை வலைகளில் எம்பிஎல்எஸ் ஆதிக்கம் பெற்றது. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3031 இதன் கட்டமைப்பை விவரிக்கிறது. ஒவ்வொரு பொதியின் முன்னும் 4 பைட் சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. அதில் 20 பிட் அடையாள எண். தனியார் வலைக்கு வழக்கமாக இரண்டு சீட்டுகள் பயன்படும். வெளிச்சீட்டு எந்த முனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும், உட்சீட்டு எந்த வாடிக்கையாளருடையது என்பதையும் சொல்லும். இந்தச் சேவையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 4364, குறியாக்க வழியிலான அந்தரங்கத்தை இக்கட்டமைப்பு தருவதில்லை என்று தானே ஒப்புக்கொள்கிறது. பழைய ஃபிரேம் ரிலே, ஏடிஎம் வலைகளும் அதைத் தந்ததில்லை என்பதையும் அது நினைவூட்டுகிறது. வாடிக்கையாளருக்கு விற்கும்போது இந்தச் சேவையின் பெயரில் விபிஎன் என்ற சொல் இடம்பெறுகிறது. உள்ளே இருப்பது பிரிப்பு மட்டுமே.

தரவு மையத்துக்குள் நிலைமை வேறு. அங்கே தேவைப்பட்டது எண்ணிக்கை. பழைய விலேன் முறையின் 12 பிட் எண்ணில் 4,094 தனி வலைகளுக்கு மேல் இடமில்லை. ஆயிரக்கணக்கான வாடகைதாரர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது இது போதாது. 2014இல் வந்த விஎக்ஸ்லேன், அதாவது ஆர்எஃப்சி 7348, 24 பிட் எண் தந்து ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட வலைகளுக்கு இடமளித்தது. அந்த ஆவணத்தின் ஆசிரியர் பட்டியலில் முதற்பெயர் எம். மகாலிங்கம். ஈதர்நெட் சட்டகம் முழுவதையும் யுடிபி பொதிக்குள் வைப்பதால் செலவு 50 பைட். பாதுகாப்பு வேண்டுமெனில் ஐபிசெக் போன்ற மரபான முறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதுவே பரிந்துரைக்கிறது. ஆக, மாட்டுங்கா மாணவரின் சர்வரைப் பக்கத்து வாடகைதாரரிடமிருந்து பிரிப்பது இத்தகைய உறையின் மீதுள்ள எண் ஒன்று. அந்த எண்ணைப் போடுபவரும் எடுப்பவரும் மேகக் கணினி நிறுவனமே.

கைப்பேசிப் பயனர் எவரும் அறியாமலே நாள்முழுதும் பயன்படுத்தும் சுரங்கம் ஜிடிபி-யூ. ஜிபிஆர்எஸ் காலத்தில் உருவாகி 4ஜி, 5ஜி வரை தொடர்ந்துவரும் நெறிமுறை இது. கைப்பேசியின் ஒவ்வொரு ஐபி பொதியையும் கோபுரத்திலிருந்து நிறுவனத்தின் மைய வலை வரை யுடிபிக்குள் வைத்துக் கொண்டுசெல்கிறது. குறைந்த செலவு 36 பைட். தாராவியிலிருந்து சயான் நிலையம் சென்று மின்ரயிலில் ஏறி மாட்டுங்காவைக் கடக்கும்போது கைப்பேசி கோபுரம் மாற்றிக்கொண்டே போகிறது. ஆனாலும் அதன் ஐபி முகவரி மாறுவதில்லை. பாதியில் நிற்கும் பணப்பரிமாற்றமும் அறுந்துபோவதில்லை. சுரங்கத்தின் கோபுர முனையை மட்டும் வலை இடம்மாற்றுகிறது. அருமையான ஏற்பாடு இது. ஆனால் 4ஜியில் வானலைக் குறியாக்கம் கோபுரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மைய வலை வரை பயனரின் தரவைக் காப்பது, நிறுவனம் அத்தடத்தில் ஐபிசெக் போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஜிடிபி-யூ தானாக எதையும் மறைப்பதில்லை.

4. திறந்துகிடக்கும் முனைகளின் ஆபத்து

பூட்டில்லாத உறைகள் நம்பகமான வலைக்குள் மட்டும் ஓடும் என்பது அவற்றை வடிவமைத்தவர்களின் அனுமானம். இந்த அனுமானம் எந்த அளவு தகர்ந்திருக்கிறது என்பதை பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஞ்சலோஸ் பைட்டிஸும் மேத்தி வான்ஹோஃபும் 2025இல் வெளிப்படுத்தினர். ஐபிக்குள் ஐபி, ஜிஆர்இ, ஐபிவி4க்குள் ஐபிவி6 போன்ற பொதிகளை, அனுப்பியவர் யாரென்றே கேளாமல் பிரித்து உள்ளிருப்பதை முன்னனுப்பும் முனைகள் உலகெங்கும் சுமார் 42.6 லட்சம் இருப்பதை அவர்கள் கண்டறிந்தனர். விபிஎன் சர்வர்கள், வீட்டு ரவுட்டர்கள், இணையத்தின் மைய ரவுட்டர்கள், கைப்பேசி வலைகளின் வாயில்கள் ஆகியவை அவற்றில் அடங்கும். இத்தகைய முனைக்கு ஒரு பொதியை அனுப்பினால், உள்பொதியில் எந்தப் பொய் முகவரி இருந்தாலும் அது அந்த முனையிலிருந்து புறப்பட்டதுபோல் வெளியேறக்கூடும். தாக்குதல் நடத்துபவருக்கு இது இலவச முகமூடி.

இந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். அமைப்பாளர்களின் கவனக்குறைவு என்று கொள்வது ஒன்று. நெறிமுறையின் வடிவிலேயே குறை உள்ளது என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. வந்த பொதியின் மூலத்தைச் சரிபார்க்கும் வழியை நெறிமுறை தராதபோது, பாதுகாப்பு முழுவதும் ரவுட்டரில் எழுதப்படும் தடுப்பு விதிகளையே சார்ந்து நிற்கிறது. லட்சக்கணக்கான இடங்களில் ஒரே தவறு நிகழ்கிறதென்றால், அது தனிமனிதப் பிழையின் எல்லையைத் தாண்டிவிட்டது.

5. பூட்டும் உறைகள்

பூட்டிய சுரங்கங்களின் வரலாற்றைத் தோல்வி ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1990களின் பிற்பகுதியில் விண்டோஸோடு பரவிய பிபிடிபி, ஜிஆர்இயின் திருத்திய வடிவத்தைச் சுமையுறையாகக் கொண்டது. 1998இலேயே புரூஸ் ஷ்னையரும் மட்ஜும் அதன் மைக்ரோசாஃப்ட் வடிவில் கடுமையான குறைகளைக் காட்டினர். 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் அதன் அடையாளச் சரிபார்ப்பை உடைப்பது ஒரே ஒரு 56 பிட் டிஇஎஸ் சாவியைத் தேடுவதற்குச் சமம் என்று நிறுவியபின், அதைப் பயன்படுத்த நியாயம் எதுவும் மிச்சமில்லை. பூட்டு இருந்தால் மட்டும் போதாது, சரிபார்ப்பும் வலிமையாக இருக்க வேண்டும் என்பது அதன் பாடம்.

ஐபிசெக் 1995இல் முதல் வடிவம் பெற்று, 2005இன் ஆர்எஃப்சி 4301இல் நிலைபெற்றது. குறியாக்கமும் சரிபார்ப்பும் அதில் ஒருங்கே உள்ளன. அதன் சிக்கல் பரந்த தேர்வுரிமை. இரு முனைகளும் எந்தக் குறியாக்கம், எந்தச் சாவி முறை, எவ்வளவு காலம் என்று பேசி முடிவுசெய்ய வேண்டும். ஒரு தேர்வு தவறினாலும் சுரங்கம் எழாது, அல்லது வலிமை குன்றி எழும். மேலும் ஐபிசெக்கின் இஎஸ்பி பொதியில் போர்ட் எண் இல்லாததால், ஒரே பொது முகவரியைப் பலர் பகிரும் என்ஏடி அமைப்பில் அது தடுமாறும். தெருவின் கேபிள்காரர் இழுத்துத்தரும் இணைப்புகளில் இத்தகைய பகிர்வு சாதாரணம். 2005இல் ஆர்எஃப்சி 3948 இஎஸ்பியை யுடிபியின் 4500ஆம் போர்ட்டில் உறையிட்டு இதற்கு வழிகண்டது. உறைக்கு மேல் இன்னோர் உறை.

2001இல் ஜேம்ஸ் யோனன் தொடங்கிய ஓப்பன்விபிஎன் எந்த வலையிலும் நுழைந்துவிடும் ஆற்றலால் பரவியது. டிசிபி வழியே ஓடும்போது அதற்கு ஒரு பழைய நோய் பற்றிக்கொள்ளும். உள்ளும் புறமும் டிசிபி இருந்தால், ஒரு பொதி தொலைந்தவுடன் இரண்டு அடுக்கும் தனித்தனியே மறுஅனுப்பல் செய்ய முனைந்து தடத்தையே முடக்கிவிடும்.

ஜேசன் டோனென்ஃபெல்டின் வயர்கார்டு இந்த அனுபவங்களிலிருந்து பிறந்தது. 2017இல் வெளியான அவருடைய ஆய்வுத்தாள், லினக்ஸ் வடிவம் 4,000 வரிகளுக்கும் குறைவான நிரலில் அடங்குவதை முன்வைத்தது. இந்தியாவில் பெருந்தொற்றுப் பொதுமுடக்கம் தொடங்கி நான்கு நாள் கழித்து, 2020 மார்ச் 29 அன்று வெளியான லினக்ஸ் 5.6 வடிவில் அது இடம்பெற்றது. அவருடைய சோதனையில் வயர்கார்டு வினாடிக்கு 1,011 மெகாபிட்டும், ஐபிசெக் 881 வரையும், ஓப்பன்விபிஎன் 258உம் எட்டின. உருவாக்கியவரே செய்த அளவீடு என்பதை மனத்திற்கொண்டே இந்த எண்களை எடைபோட வேண்டும். குறியாக்க முறையைத் தேர்வுசெய்ய வயர்கார்டில் இடமில்லை. பிழை செய்ய வாய்ப்புக் குறைவு என்பது இதன் வலிமை. ஒழுங்குமுறை அமைப்பு வேறொரு குறியாக்கத்தைக் கட்டாயமாக்கினால் வளைந்துகொடுக்க முடியாது என்பது இதன் எல்லை. சான்றளிக்கப்பட்ட முறைகளையே கேட்கும் நிதித்துறையில் ஐபிசெக் இன்னும் நிலைத்திருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

6. பைட் கணக்கு

உறை எதுவாயினும் அதற்கு இடம் வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பொதியின் உச்ச அளவு வழக்கமாக 1,500 பைட். செம்பூர் ஊழியரின் வீட்டு இணைப்பு, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ வகை என்று கொள்வோம். 1999இன் ஆர்எஃப்சி 2516 விவரிக்கும் இந்த உறைக்கு 8 பைட் போனால் மிச்சம் 1,492. அவர் வயர்கார்டைத் திறக்கிறார். அதன் வழக்கமான உள் அளவு 1,420. வெளிப்பொதி ஐபிவி4 என்றால் செலவு 60 பைட், மொத்தம் 1,480. இடம் போதும். வெளிப்பொதி ஐபிவி6 என்றால் செலவு 80 பைட், மொத்தம் 1,500. 8 பைட் மிகுந்துவிடும்.

பெரிய பொதி வந்ததும் நடுவிலுள்ள ரவுட்டர் ‘அளவு மிகுதி’ என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். 1990இன் ஆர்எஃப்சி 1191 முதல் ஐபிவி4இல் இந்த வழக்கம் உண்டு; ஐபிவி6உம் இதையே நம்பியிருக்கிறது. ஆனால் பாதுகாப்பின் பெயரால் பல வலைகள் ஐசிஎம்பியை அடியோடு தடுத்துவிடுகின்றன. செய்தி வராது, பொதியும் சேராது. சிறு செய்திகள் போகும். பெரிய இணைப்புக் கோப்பு பாதியில் உறைந்துநிற்கும். சுரங்கத்தின் உள் அளவை 1,412க்குக் குறைத்தால் சிக்கல் தீரும். நேற்று வரை ஓடிய இணைப்பு, நிறுவனம் ஐபிவி6 தந்த மறுநாள் தடுமாறும்போது பழி பெரும்பாலும் சுரங்க மென்பொருளின் மீது விழுகிறது. காரணம் உறைகளின் கூட்டுத்தொகை.

சிறு பொதிகளில் செலவு இன்னும் உறுத்தும். ஜி.729 முறையில் 20 மில்லிவினாடிக் குரல் 20 பைட்டில் அடங்கும். தலைப்புகளோடு 60 பைட். வயர்கார்டு இதை 16இன் மடங்காக்க 64 ஆக நிரப்பி, தன் 60 பைட்டையும் சேர்த்தால் 124. இரு மடங்குக்கும் மேல். அழைப்பு மையங்கள் இத்தனை காலம் குறியாக்கமற்ற குத்தகை வலைகளை விரும்பியதற்கு இக்கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். விதிகள் தந்த நெருக்கடியோ அதைவிடப் பெரியது.

7. விதிகளின் பார்வை

இந்தியாவில் உறைக்கும் பூட்டுக்கும் இடையிலான வேறுபாடு விதிகளிலேயே பதிந்திருக்கிறது. தனியார் இணையச் சேவைக்கு 1998இல் வழிதிறந்தபின் வழங்கப்பட்ட உரிமங்கள், அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடிய சமச்சீர்க் குறியாக்கச் சாவியை 40 பிட்டுக்குள் நிறுத்தின. அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்அனுமதி பெற்று, திறவுசாவியை இரு பகுதிகளாகத் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த அளவு எத்தனை பலவீனமானது என்பது அப்போதே தெரிந்திருந்தது. 1997 ஜனவரியில் அமெரிக்காவில் பயின்ற மாணவர் இயன் கோல்ட்பெர்க், பல்கலைக்கழகக் கணினிகளைக் கொண்டு 40 பிட் சாவி ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருந்தார். ரிசர்வ் வங்கி 2001இல் இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் எஸ்எஸ்எல் வேண்டும் என்றது. தில்லியின் உரிமம் ஒன்று கூற, மும்பையின் நிதி ஒழுங்குமுறை வேறொன்று கோரியது. 2013இன் ஒருங்கிணைந்த உரிமம் பயனரின் குறியாக்கத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வரும் கொள்கைக்கு விட்டது. சேவை நிறுவனம் தன் வலையில் மொத்தக் குறியாக்கக் கருவி வைக்கக் கூடாது என்ற தடையோ தொடர்ந்தது.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்யும் அழைப்பு மையங்களின் ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய, சேவை நிறுவனமே அமைத்துத் தரும் விபிஎன் கட்டாயமாக இருந்தது. மொத்தக் குறியாக்கத் தடைக்கு உட்பட்ட நிறுவனம் தரும் சுரங்கம், பிரிப்பைத் தரலாம், பூட்டைத் தர இயலாது. 2020 மார்ச் 13 அன்று, பெருந்தொற்றின் வாசலில், தொலைத்தொடர்புத் துறை இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, நிலையான ஐபி முகவரியோடு நிறுவனங்களே அமைக்கும் பாதுகாப்பான விபிஎன்களை அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் இம்மையங்களுக்கான பதிவு முறையையே நீக்கின. சுரங்கத்தின் முனை சேவை நிறுவனத்தின் கையிலிருந்து பணி வழங்குபவரின் கைக்கு மாறியது. இதை நிர்வாகச் சலுகை என்று மட்டும் படிப்பவர்கள் உண்டு. யாரால் படிக்க முடியும் என்ற எல்லைக்கோடே இடம் மாறியது என்பதால், அதனினும் பெரிய மாற்றமாக இதை நான் காண்கிறேன்.

2022 ஏப்ரல் 28 அன்று கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை எதிர்த்திசையில் சென்றது. விபிஎன் சேவை, தரவு மையம், மேகக் கணினி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், தரப்பட்ட ஐபி முகவரி, பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். இணையச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்களின் உள் விபிஎன்களுக்கு இது பொருந்தாது என்று மே மாத விளக்கம் கூறியது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகியவை அந்த ஆண்டு ஜூனில் இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றின. எக்ஸ்பிரஸ்விபிஎன் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்த சர்வர்களிலிருந்து இந்திய ஐபி முகவரியைத் தந்தது. பயனரின் பொதி மும்பையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 3,900 கிலோமீட்டர் சென்று இந்திய முகவரியோடு திரும்புகிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டாலே இந்தச் சுற்றுக்குக் குறைந்தது 39 மில்லிவினாடி ஆகும்.

குற்றப் புலனாய்வுக்குத் தடயம் வேண்டும் என்ற அரசின் தேவை மெய்யானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஆணையின் பயனாக நிகழ்ந்தது, சுரங்கத்தின் திறப்பு முனை இந்தியச் சட்டத்தின் எல்லையைத் தாண்டிச் சென்றதே. மேலும் இங்கே பேசிய உரிமங்களும் ஆணைகளும் பூட்டிய சுரங்கத்துக்குள் யார் இருக்கிறார் என்று கேட்கின்றன. பூட்டில்லாத சுரங்கத்தை விற்பவர் அதை வாடிக்கையாளருக்குச் சொன்னாரா என்று அவை கேட்பதில்லை.

8. இரு மறுப்புகள்

வலைத்தளங்களும் செயலிகளும் டிஎல்எஸ் குறியாக்கத்துக்கு மாறிவிட்டன, சுரங்கம் பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன என்பது முதல் மறுப்பு. இது பெருமளவு சரி. தேநீர்க் கடையின் யுபிஐ பரிமாற்றத்தைக் காப்பது செயலியின் குறியாக்கமே, ஜிடிபி-யூ அன்று. ஆனால் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு பேசினார் என்பதை டிஎல்எஸ் மறைப்பதில்லை. நிறுவன வலைகளுக்குள் குறியாக்கமின்றி ஓடும் பழைய தரவுத்தளங்களும் அச்சுப்பொறிகளும் கேமராக்களும் ஏராளம். அவற்றுக்குச் சுரங்கத்தின் பூட்டே ஒரே காவல்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. வலுவான விபிஎன் இருந்தால் கவலை வேண்டாம் என்பது அது. 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் ஆய்வு இதைத் தகர்த்தது. வைஃபை வலையை நடத்துபவர், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி நெறிமுறையில் 2002 முதல் உள்ள 121ஆம் விருப்பத்தைக் கொண்டு கணினியின் வழிப்பட்டியலில் தன் வழிகளைச் சேர்த்துவிடலாம். பொதிகள் சுரங்கத்துக்குள் நுழையாமலே வெளியேறும். திரையில் விபிஎன் இணைந்திருப்பதாகவே காட்டும். ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தை ஏற்பதில்லை என்பதால் தப்பியது. 2016 ஜனவரியில் ரயில்டெல்லும் கூகிளும் இலவச வைஃபையை முதலில் தொடங்கியது மும்பை சென்ட்ரல் நிலையத்தில். பொது வைஃபைக்குப் பழகிய நகரம் இது. குறியாக்கம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், பொதி எந்த வாசலில் நுழைகிறது என்பதை வேறொருவர் தீர்மானித்தால் பயனில்லை. முனைகளைப் பற்றிய கேள்வியே முதற்கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

9. முடிவு

எந்த நெறிமுறை சிறந்தது என்ற கேள்விக்குப் பொது விடை கிடையாது. தரவு மையத்துக்குள் விஎக்ஸ்லேனும், கைப்பேசி வலையில் ஜிடிபி-யூவும், கிளைகளுக்கிடையே எம்பிஎல்எஸும் தம் வேலையைச் செவ்வனே செய்கின்றன. அவற்றைக் குறியாக்கமற்றவை என்று ஒதுக்குவது பொறியியல் அறியாமை. அவற்றைப் பாதுகாப்பு என்று விற்பது அதைவிடப் பெரிய தவறு. ஒப்பீட்டை நான்கு கேள்விகளின் வரிசையில் வைக்கலாம். உறையை மூடுபவரும் திறப்பவரும் யார்? திறக்குமுன் அனுப்பியவரை முனை சரிபார்க்கிறதா? நடுவில் இருப்பவரால் படிக்க முடியுமா? உறைகளின் மொத்த எடையைத் தடம் தாங்குமா? வேகம் பற்றிய கேள்வி இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

இதிலிருந்து மூன்று நடைமுறைக் கோரிக்கைகள் எழுகின்றன. விபிஎன் என்ற பெயரில் குத்தகை வலை விற்கும் ஒவ்வொரு ஒப்பந்தமும், குறியாக்கம் உண்டா இல்லையா என்பதை முதற்பக்கத்திலேயே எழுத வேண்டும். சரிபார்ப்பின்றிச் சுரங்கப் பொதிகளைப் பிரிக்கும் முனைகளைக் கண்டறிந்து மூடும் பொறுப்பைச் செர்ட்-இன் சேவை நிறுவனங்கள்மீது சுமத்த வேண்டும். பயனரின் பெயரைச் சேகரிப்பதைக் காட்டிலும் இது தாக்குதல்களை நேரடியாகக் குறைக்கும். தாராவியின் தோல்பொருள் ஏற்றுமதியாளர் முதல் கூட்டுறவு வங்கி வரை, குத்தகை வலையை வாங்குபவர்கள் அதன்மேல் ஐபிசெக்கையோ வயர்கார்டையோ தாமே அமைத்து, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதலாகச் செலவாகும் சில பத்து பைட்டுகள், தம் தரவை யார் திறக்கலாம் என்று தாமே முடிவுசெய்யும் உரிமைக்கு அவர்கள் தரும் விலை. அந்த விலை நியாயமானது.